நாற்பத்தொரு பச்சை

காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே யோகலட்சுமி தறிக்கு நூல் தார் சுற்றுகிற மிஷினை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றுகொள்வாள். கூலிக்குத் தார் சுற்றுகிறவள் நல்ல கரண்டு இருக்கிற நேரத்தில் மிஷினை நிறுத்துகிறாள் என்றால் காரியம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

அடுப்படிப் பலகையில், கடுகு டப்பாவுக்கும் புளி ஜாடிக்கும் நடுவே, துண்டு போட்டு மூடிய வெள்ளைப் பெட்டி ஒன்று உண்டு. அஞ்சறைப் பெட்டியை இழுத்து நீட்டின மாதிரி இருக்கும். உள்ளே ஏழு நாளைக்கு, காலைக்கும் ராத்திரிக்குமாகப் பதினாலு குழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. எட்டு அடித்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "மருந்து நேரம் ஆகிவிட்டது" என்று செந்தமிழில் சொல்லும். இரண்டாவது தடவை சொல்ல யோகலட்சுமி விடமாட்டாள். டக்கென்று மூடியைத் திறப்பாள். முகப்பில் பச்சை விளக்கு எரிந்து அணையும். அப்பாடா என்றிருக்கும் அவளுக்கு.

பிறகு முந்தின நாள் காலண்டர் தாளைக் கிழித்து, குழியில் இருந்த இரண்டு மாத்திரையையும் அதில் மடித்து, இட்லி வைத்த தூக்குச்சட்டியின் மேல்தட்டில் செருகுவாள். எட்டரைக்குள் அது தறிக்கூடத்தில் இருக்கிற அவள் புருஷன் முத்துக்கிருஷ்ணன் கைக்குப் போய்விடும். அவன் காலை ஆறு மணிக்கே தறியில் நிற்கிறவன். டாக்டர் எட்டு மணி என்று எழுதிவிட்டார். பெட்டிக்கு ஷிப்டெல்லாம் தெரியாது.

முத்துக்கிருஷ்ணனுக்கு வலிப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பனவடலிசத்திரம் போகிற வழியில் பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டானே, அதிலிருந்து வந்தது. திருநெல்வேலி டாக்டரையும், மாத்திரை கொடுக்கிற மருந்துக்கடை தாவீதையும், அவர் மகள் ஏஞ்சலையும் தவிர ஊரில் ஒரு குஞ்சுக்குத் தெரியாது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் 'தலைசுத்து' என்று சொல்லிவைத்திருந்தாள் யோகலட்சுமி. இருபத்துநாலு தறி ஓடுகிற கூடத்தில் வலிப்புக்காரனை யார் நிற்க விடுவார்கள்? ஒரு பக்கம் பெல்ட்டு, ஒரு பக்கம் பல்சக்கரம், குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு நாடா பறக்கிறது. விழுகிறவன் பார்த்து விழ முடியாது. முதலாளி காதுக்கு விஷயம் போனால் அன்றோடு தறி போச்சு. தறியை விட்டால் முத்துக்கிருஷ்ணனுக்கு வேறு தொழில் தெரியாது.

இப்படி இருக்கையில்தான் அந்தப் பெட்டி வந்தது. ஏஞ்சல் கோயம்புத்தூரில் பதினோரு பேர் வேலை பார்க்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பெட்டியையும், அதோடு பேசுகிற போன் ஆப்பையும் வடிவமைக்கிறவள். பெட்டிக்குள் பேசுவதும் அவள் குரல்தான். சொந்த ஊரில் பன்னிரண்டு வீட்டுக்குச் சும்மா கொடுத்து மூன்று மாதம் சோதித்துப் பார்க்கப்போகிறோம் என்று வந்தாள். 'சும்மா' என்ற சொல்லிலேயே யோகலட்சுமிக்கு முதல் சந்தேகம் விழுந்துவிட்டது. அப்பன் கடையில் மாத்திரை நிறைய விற்க மகள் போடுகிற திட்டமோ என்று நினைத்தாள். பேசுகிற பெட்டிக்குக் கேட்கவும் தெரியுமோ என்பது அடுத்த சந்தேகம். துண்டு போட்டு மூடியது அதனால்தான். அடுப்படியில் நாத்தனாரைப் பற்றிப் பேசுவதைக்கூட அன்றிலிருந்து நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டு ஞானபூரணம், "யாருட்டி ஒங்க வீட்டுல காலங்காத்தால பேசுதது?" என்று கேட்டபோது, "புது கொசு மிஷின்க்கா, அப்படித்தான் பேசும்" என்றாள். ஞானபூரணம் அதை நம்பி நாலு கடையில் பேசுகிற கொசு மிஷின் கேட்டு அசிங்கப்பட்டுத் திரும்பியது தனிக்கதை.

பெட்டி வந்த ஐந்தாம் நாள் உண்மையான வினை தெரிந்தது. அன்று தார் மிஷின் இரைச்சலில் பத்து நிமிஷம் பிந்திவிட்டது. ஏஞ்சல் போன் போட்டுவிட்டாள்.

"யோகாக்கா, மாத்திரை எடுக்கலையா? அரை மணி நேரம் தாண்டுச்சுன்னா நீங்க குடுத்த அவசர நம்பருக்குத் தானா மெசேஜ் போயிரும், பாத்துக்கோங்க."

ஓடிப்போய் மூடியைத் திறந்துவிட்டு, சாயங்காலம் புருஷன் வந்ததும் பிடித்துக்கொண்டாள். "அவசர நம்பர்னு யாரு நம்பரக் குடுத்தீய?"

"முதலாளி நம்பரத்தான்."

"முதலாளி நம்பரா! ஒங்களுக்குப் புத்தி இருக்கா?"

"அவசரம்னா யாருட்டி வருவா? ஒங்க அண்ணன் சைக்கிள்ல வருவானா? காரு வச்சிருக்கது அவருதான. ரேஷன் கார்டு ஃபாரத்துலருந்து ஆஸ்பத்திரி சீட்டு வரைக்கும் நம்ம கூடத்துல எல்லாப் பயலும் அவரு நம்பரத்தான் எழுதுதான்."

அது வாஸ்தவம்தான். நம்பரை மாற்றச் சொல்லலாம். ஆனால் மாற்றச் சொன்னால் ஏஞ்சல் ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால் அப்பனிடம் சொல்லுவாள். தாவீது கடைக்கு முதலாளி வீட்டு ஆள் சர்க்கரை மாத்திரை வாங்க வாரத்துக்கு ரெண்டு தரம் வருகிறது. யோகலட்சுமி இப்படி ஒரு முழுச் சங்கிலியை யோசித்து முடித்து, கடைசியில் சுலபமான வழியைப் பிடித்தாள். எட்டு மணிக்கு மூடியைத் திறந்துவிட்டால் மெசேஜும் கிடையாது, வம்பும் கிடையாது.

போன வாரம் விடியக்காலம் அவன் படுத்த பாயிலேயே இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிவிட்டது. இரண்டு நிமிஷம் இருக்கும். அவளுக்கு இரண்டு ஜென்மம். எழுந்ததும், "மாத்திரை ஒழுங்காப் போடுதீயளா?" என்று கேட்டாள். "நீதான தெனம் குடுத்துவிடுத" என்றான். ஆக, தாவீது கடை மாத்திரை காலாவதியாக இருக்க வேண்டும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேதி சரியாகத்தான் இருந்தது. தேதியை அழித்துப் புதிதாக அடித்திருப்பார்களோ என்று நகத்தால் சுரண்டியும் பார்த்தாள்.

ஆனி மாசக் கடைசி வியாழக்கிழமை. மேல்காற்று புழுதியை வாரித் தெருவுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு உளுந்தஞ்சோறு வடித்து, எள்ளுத் துவையல் அரைத்துக்கொண்டிருக்கும்போது முத்துக்கிருஷ்ணன் வாசலில் செருப்பைக் கழற்றினான். சாயங்காலம் ஆறு மணிக்கு வர வேண்டியவன்.

"என்ன, கரண்டு போச்சா?"

"போகல."

"பின்ன?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. "நாளையிலருந்து மடிப்புக்கு வரச் சொல்லிட்டாரு. ஒம்போது மணிக்கு வந்தாப் போதுமாம்."

மடிப்பு என்றால் நெய்து வந்த துண்டை மடித்து, லேபிள் ஒட்டிக் கட்டுகிற வேலை. கண் மங்கினவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் உட்கார்ந்து செய்வது. கூலி பாதிக்குப் பாதி.

"என்ன காரணம் சொன்னாரு?"

"'ஒன் நல்லதுக்குத்தாம்டே'ன்னாரு. அவ்வளவுதான். நாலு பேரு பாத்துக்கிட்டு நிக்கான். இருவத்தாறு வருசமாத் தறியில நிக்கேன் யோகா. என்னய கெழவிகளோட உக்காந்து துண்டு மடிக்கச் சொல்லுதாரு."

அவன் சோற்றில் கை வைக்கவில்லை. அவளுக்கும் இறங்கவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள். யார்? விடியக்காலம் சத்தம் கேட்டு ஞானபூரணம் எட்டிப் பார்த்திருப்பாளோ? தாவீது வாய்விட்டிருப்பாரோ? எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டு, அடுப்படிப் பலகையைப் பார்த்தாள். துண்டுக்கு அடியில் அந்தப் பெட்டி ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது. இதுதான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

கூப்பிட்டு விட்டது மாதிரி, நாலு மணிக்கு ஏஞ்சலே லேப்டாப் பையோடு வந்து நின்றாள்.

"யோகாக்கா, ஒரு விசயம் கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"வாட்டி. நானும் ஒன்ன ஒண்ணு கேக்கணும். நீ மொதல்ல கேளு."

ஏஞ்சல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டம். அத்தனையும் பச்சை. "இது அண்ணனோட காலை மாத்திரை. நாப்பத்தொரு நாளு. நாப்பதுல மூடி எட்டு மணி ஒரு நிமிசத்துக்குள்ள தொறந்திருக்கு. எங்க ஆபீஸ்ல இதப் பாத்துட்டு, இவருதான் நம்பர் ஒன் பேஷண்ட்னு கை தட்டுதாங்க. இத வச்சு ரெண்டாயிரம் பெட்டிக்கு ஆர்டர் போடப் போறாங்க."

"நல்லதுதான?"

"நல்லதா? மத்த பதினோரு வீட்டுல ஒருத்தர் எட்டேகாலுக்கு எடுக்காரு, ஒருத்தர் மறந்துருதாரு, ஒரு ஆளு கோயில் கொடைக்குப் போயி ரெண்டு நாளு ஆளையே காணோம். மனுசன் அப்படித்தான்க்கா மாத்திரை சாப்பிடுவான். இப்படிச் சாப்பிட மாட்டான். எனக்கு நம்பிக்கை இல்ல. என்ன நடக்கு இந்த வீட்டுல?"

யோகலட்சுமிக்கு உள்ளே திடுக்கென்றது. அதை மறைக்கக் குரலை உசத்தினாள். "எங்க வீட்டுல என்ன நடக்குன்னு வேவு பாக்கத்தான் பெட்டிய வச்சிருக்கியா? அதான் முதலாளிகிட்ட சொல்லிக் குடுத்துட்டியே, இன்னும் என்ன பாக்கி?"

"முதலாளியா? எந்த முதலாளி?"

"நடிக்காதட்டி. இவரத் தறியிலருந்து எறக்கிட்டாரு. வலிப்புன்னு அவருக்கு யாரு சொன்னா? நீயா, ஒங்க அப்பாவா, இந்தப் பெட்டியா?"

முத்துக்கிருஷ்ணன் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஏஞ்சலுக்கு முகம் சிவந்துவிட்டது. "கர்த்தர் மேல ஆணையாச் சொல்லுதேன்க்கா, நான் யாருகிட்டயும் மூச்சு விடல. அப்பாவும் அப்படிப்பட்டவரு இல்ல. இருங்க, என்னென்ன மெசேஜ் போயிருக்குன்னு இதுலயே இருக்கும்."

தேடினாள். மருந்தைத் தவறவிட்டதாகப் போன செய்தி, பூஜ்யம். "பாத்தீங்களா, ஒண்ணுகூடப் போகல" என்று சொல்லி முடிக்குமுன் அவள் விரல் நின்றுவிட்டது. பெட்டி வந்த முதல் நாள் தேதியில் ஒரே ஒரு செய்தி போயிருந்தது.

"என்னட்டி? வாசி."

ஏஞ்சல் வாசித்தாள். பெட்டி பேசுகிற அதே குரல், அதே செந்தமிழ். "'வணக்கம். முத்துக்கிருஷ்ணன் தமது வலிப்பு மருந்துகளை நேரத்துக்கு எடுத்துக்கொள்ள எங்கள் பெட்டியைப் பயன்படுத்துகிறார். அவசரத் தொடர்புக்கு உங்கள் எண்ணைக் கொடுத்துள்ளார். அவர் மருந்தைத் தவறவிட்டால் உடனே உங்களுக்குத் தெரிவிப்போம்.'"

தெருவில் எங்கேயோ தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"நாந்தான்க்கா எழுதுனேன்" என்றாள் ஏஞ்சல். "வீட்டாளுக நம்பர்தான் குடுப்பாங்க, அவங்களுக்குச் சீக்கு தெரிஞ்சுதான இருக்கும்னு நெனச்சுட்டேன். வேல குடுக்கவரு நம்பரக் குடுப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

யோகலட்சுமி அவளை நாலு வார்த்தை கேட்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் வேறொரு கணக்கு இடித்தது. "இது எப்பம் போச்சு? மொத நாளேவா? அப்பம் முதலாளிக்கு நாப்பத்தொரு நாளாத் தெரியும். தெரிஞ்சும் நேத்து வரைக்கும் தறியில நிக்க விட்டிருக்காரு. இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?" புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காற்றில் படபடக்கிற காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க எதையோ மறைக்கீய" என்றாள். சேலையை உதறிச் செருகிக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள்.

முதலாளி சங்கரசுப்பிரமணியன் தறிக்கூடத்தை ஒட்டின சின்ன அறையில் இருந்தார். கதவைச் சாத்தினாலும் இருபத்துநாலு தறியின் சடக் சடக் உள்ளே வந்து மேசையை அதிரவைக்கும். முப்பது வருஷம் அதற்குள் இருந்து அவருக்கு யாரிடமும் கத்தித்தான் பேச வரும்.

"வா தாயி. வருவேன்னு தெரியும். உக்காரு."

"நிக்கேன் அண்ணாச்சி. நீங்க செஞ்சது நல்லா இருக்கா? சீக்கு இருக்குன்னு மொத நாளே தெரிஞ்சிருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. இத்தன நாளு வேலய வாங்கிக்கிட்டு, இப்பம் எல்லாரும் பாக்க எறக்கிவிட்டா அந்த மனுசன் எங்க போயி மூஞ்சிய வைப்பாரு?"

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. போனை எடுத்து அந்தச் செய்தியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

"மெசேஜ் வந்தன்னைக்கே எறக்கிருப்பேன். ஏன் எறக்கல? இதுல என்ன போட்டிருக்கு? மருந்தத் தவறவிட்டா ஒடனே தெரிவிப்போம்னு போட்டிருக்கு. சரி, பய வைத்தியம் பாக்கான், கண்காணிக்கதுக்கு ஒரு ஆளும் இருக்கு, நாம எதுக்கு அவன் பொழப்பக் கெடுக்கணும்னு விட்டேன். தெனம் காலைல எட்டரை வரைக்கும் போனக் கையிலயே வச்சிருப்பேன், தாயி. மெசேஜ் வரலையா, மாத்திரை போட்டுட்டான், தறியில நிக்கட்டும். இந்தப் போன நம்பித்தான் அவன நாப்பது நாளும் அங்கன நிக்க விட்டிருக்கேன்."

மேசை டிராயரைத் திறந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்துக் கவிழ்த்தார். மடித்த காலண்டர் தாள்கள். சிலது எண்ணெய்க் கறையோடு, சிலதில் நூல் சுற்றிக்கொண்டு. ஒன்றைப் பிரித்தார். ஆனி பன்னிரண்டு. உள்ளே இரண்டு மாத்திரை. இன்னொன்று, ஆனி பதினேழு. இரண்டு மாத்திரை.

"வேஸ்ட் நூல் எடுக்கதுக்கு இன்னைக்குக் காலைல ராஜபாளையத்துக்காரன் வந்தான். சாக்கக் கொட்டுனா, இது விழுகு. அந்தச் சாக்கு ஒன் வீட்டுக்காரன் நிக்க தறிக்குப் பக்கத்துல உள்ளது."

அவள் தன் கையால் மடித்த மடிப்பு. நாலாக மடித்து ஓரத்தை உள்ளே செருகுவாள், இட்லி ஈரம் படாமல் இருக்க. அத்தனையும் செருகினபடியே இருந்தன.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல" என்றார் அவர். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தியிருந்தார். அந்த இரைச்சலில் அவர் வாயைப் பார்த்துத்தான் அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. "மாத்திரை சாக்குல கெடக்கு. எனக்கு மெசேஜ் வரல. அப்பம் தெனம் அந்தப் பெட்டியத் தொறந்தது யாரு?"

யோகலட்சுமி அந்த மடிப்புகளையே பார்த்தாள். ஞானபூரணத்தைச் சந்தேகப்பட்டாள், தாவீதைச் சந்தேகப்பட்டாள், ஏஞ்சலை வீடேறி வந்த இடத்தில் வைத்து ஏசினாள். பச்சை விளக்கு எரிய எரிய, புருஷனைத் தறிக்கு முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது யார்?

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள். "நாந்தான் தொறந்தேன்."

அவர் தாள்களைப் பைக்குள் அள்ளிப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். "போ. போயி அவனப் பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஏஞ்சல் போகாமல் அங்கேயே இருந்தாள். யோகலட்சுமி பையைப் புருஷன் மடியில் போட்டாள். அவன் தாள்களைத் தொடவில்லை.

"மொதப் பத்து நாளு போட்டேன்" என்றான். "காலைல அதப் போட்டா ஒம்போது மணிக்குக் கண்ணு சொக்கும். இழை ரெண்டு ரெண்டாத் தெரியும். ஒரு நாளு நின்ன மேனிக்குத் தூங்கிட்டேன். பக்கத்துத் தறிக்காரன் அதட்டுனாம் பாரு, கை பெல்ட்டுக்கு ஒரு சாண்ல நிக்கு. வலிப்பு வந்தாத்தான கை போகும், மாத்திரை போட்டா தெனமும் போகும்போலன்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"நீ டாக்டர்ட்டச் சொல்லுவ. டாக்டரு, தறி வேலைய விடுன்னுவாரு."

"அய்யோ அண்ணே" என்றாள் ஏஞ்சல். "தூக்கம் வருதுன்னு சொல்லியிருந்தா அளவ மாத்துவாங்க, இல்ல மாத்திரையவே மாத்துவாங்க. பாதில நிறுத்துனாத்தான் ஆபத்து. திங்கக்கிழம திருநெல்வேலிக்கு நானும் கூட வாரேன். அது வரைக்கும் எதையும் விட்டுராதீங்க." பிறகு லேப்டாப்பைப் பார்த்தாள். "ஆப்புல ஒரு எடத்துலகூட 'தூக்கம் வருதா'ன்னு நான் கேக்கல. மூடி தொறந்துச்சா, தொறந்துச்சான்னு மட்டும்தான் கேட்டிருக்கேன்."

"அந்தப் பச்சையெல்லாம் பொய்யின்னு எழுதிருட்டி" என்றாள் யோகலட்சுமி. "மொதப் பத்து நாளும், இவரு வீட்டுல இருந்த ஞாயித்துக்கிழமைகளும் நெசம். மத்தது பூராவும் நாந்தான்."

"எழுதிருதேன். அந்த ரெண்டாயிரம் பெட்டியையும் நிப்பாட்டச் சொல்லணும்." ஏஞ்சல் எழுந்தாள். "நம்பர மாத்திரவாக்கா? வேற யாரு நம்பராவது குடுங்க."

யோகலட்சுமி யோசித்தாள். "வேண்டாம். அவரு நம்பரே இருக்கட்டும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது மணி வேலைக்காரன் ஆகிவிட்டதால் முத்துக்கிருஷ்ணன் எட்டு மணிக்கு வீட்டில் இருந்தான். குளிக்காமல், யாரோடும் பேசாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டதோடு சரி.

"மருந்து நேரம் ஆகிவிட்டது" என்றது பெட்டி.

யோகலட்சுமியின் கால் தானாக அடுப்படிப் பக்கம் திரும்பியது. திருப்பிக்கொண்டு வந்து தார் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். மிஷினைப் போடவில்லை. பெட்டியை மூடிய துண்டை எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள். பெட்டி மறுபடி சொன்னது. மறுபடியும் சொன்னது. ஞானபூரணம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். போகட்டும்.

"அது கத்துகுல்லா" என்றான் அவன். "போயி அமத்து."

"ஒங்க மாத்திரை. நீங்க அமத்துங்க."

"துண்டு மடிக்கவனுக்கு மாத்திரை என்னத்துக்கு? எந்தப் பெல்ட்டுல கை போயிரப்போகு?"

அவள் எழுந்திருக்கவில்லை. அவனும் நகரவில்லை. எட்டேகால் ஆனது. எட்டு இருபது. ஒரே ஒரு மூடிதான், ஒரு விரலால் தட்டிவிட்டால் போதும், சத்தம் நின்றுவிடும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். எட்டரைக்கு விளக்கு சிவப்பாக எரிந்தது. நாற்பத்தொரு நாளில் அவள் பார்க்காத நிறம்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் போன் அடித்தது. எடுத்ததுமே தறிச் சத்தம். அதற்கு மேலே முதலாளியின் கத்தல்.

"தாயி, மெசேஜ் வந்திருக்கு! மாத்திரை போடலையாம்! என்ன, ஏது? கார எடுத்துட்டு வரட்டுமா?"

"ஆமா அண்ணாச்சி, போடல. இங்கனதான் உக்காந்திருக்காரு. நீங்களே கேளுங்க" என்று போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். வாங்கிக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் நிறையப் பேச்சு. இந்தப் பக்கம், "ம்... இல்ல முதலாளி... சரி... சரி முதலாளி" என்பது மட்டும்தான். பேசிக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போய், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தான். போனைப் பலகையில் வைத்துவிட்டு, மாத்திரையை வாயில் போட்டு, செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தான். போனைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான்.

"போதுமா?"

"வாயத் தொறங்க."

"என்னட்டி, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"தொறங்கன்னா தொறங்க. நாக்கத் தூக்குங்க."

தூக்கினான். அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, இந்த ஓரம் அந்த ஓரம் என்று நன்றாகப் பார்த்தாள். இரண்டும் இறங்கியிருந்தன. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.